பெட்டி எண் 3

மாஸ்டருடைய காகிதங்கள் எல்லாம் மாம்பழப் பெட்டிகளில் இருந்தன. முதலமடைத் தோப்புகளிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஏறுமே, அந்த அட்டைப் பெட்டி. காற்றுப் போக இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டை, மூடியில் இலையோடு ஒரு மஞ்சள் மாம்பழம். மொத்தம் ஏழு. நான்கு பரண்மேல், இரண்டு தையல் மெஷினுக்கு அடியில், ஒன்று சாமி ரூமில். சாமி ரூமில் எதற்கு என்று கேட்டதற்கு, "அங்கதான் எலி வராதுங் கண்ணு" என்றார் அம்மா, மாஸ்டருடைய மனைவி.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ் வரும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக வரும். தென்னை, பனை, கள்ளு. பேச்சு கொங்குத் தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள் உண்டு. கேரள அரசின் பாடப்புத்தகத்தைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். எனக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை டிராயிங் சொல்லிக்கொடுத்தவர்தான் மாஸ்டர். பெயரை எழுதவில்லை, அவர் வீட்டில் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது டிடிபி கடை வைத்திருக்கிறேன். தாலுக்கா ஆபீசுக்குப் போக வேண்டியவர்கள் தமிழில் சொல்வதை மலையாளத்தில் டைப் செய்து கொடுப்பதும், அங்கிருந்து வந்த மலையாளக் கடுதாசியைத் தமிழில் படித்துச் சொல்வதும் தொழில். அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள். டெல்லியிலிருந்து ஒருவர், திருச்சூரிலிருந்து ஒரு பெண். ஆசிய சமகாலக் கலையை ஆவணப்படுத்தும் காப்பகம் ஒன்றுக்காக வேலை செய்கிறவர்கள். சென்னையில் இன்னொரு ஓவியருடைய காகிதங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது, 1963இல் நடந்த ஒரு குழுக் கண்காட்சியின் சைக்ளோஸ்டைல் பட்டியலில் மாஸ்டர் பெயரும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர்ப் பெயரும் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

முதல் நாள் அம்மா காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், பெட்டியைக் கொடுக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மாஸ்டர் இறந்த அடுத்த வருஷம் நினைவுக் கண்காட்சி வைக்கிறோம் என்று ஒருவர் வந்து, பன்னிரண்டு போட்டோவும் ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் வாங்கிக்கொண்டு போனார். கண்காட்சியும் நடக்கவில்லை, புத்தகமும் திரும்பவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. அம்மா இன்னும் அந்த ஸ்கெட்ச் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று சொல்வார். கருநீலம், மூலையில் எண்ணெய்க் கறை.

வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. மறுநாள் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்கள் திண்ணையிலேயே வைத்துச் செய்கிறோம், ஒரு காகிதமும் வாசலைத் தாண்டாது" என்றார் டெல்லிக்காரர். நான் மொழிபெயர்த்தேன். ஏழு பெட்டிக்கும் ஏழு ரசீது. வீட்டை விட்டே போகாத பொருளுக்கு எதற்கு ரசீது என்று கேட்டேன். திண்ணைவரை வருகிறதே, அதற்கு என்றாள் அந்தப் பெண். அம்மா அதைக் கேட்டுத்தான் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். மாம்பழப் பெட்டி ஒன்று அன்று சாயங்காலம் பரணிலிருந்து இறங்கியது.

இந்த மாதிரிக் காப்பகங்களைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. மியூசியம் என்றால் படம் மாட்டுகிற இடம், காப்பகம் என்றால் பழைய பத்திரம் கிடக்கிற இடம், அவ்வளவுதான். வேலை நடுவில் டெல்லிக்காரர் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஹாங்காங்கில் 2000இல் தொடங்கிய ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் என்று ஒன்று இருக்கிறது. ஓவியங்களைச் சேர்ப்பது அதன் வேலையே இல்லை. ஓவியத்தைச் சுற்றிக் கிடக்கிற காகிதம்தான் அவர்களுக்கு வேண்டும்: அழைப்பிதழ், கடிதம், கண்காட்சிப் பட்டியல், பத்திரிகை நறுக்கு, நெகடிவ். படம் விலைக்குப் போய்விடும், எங்காவது சுவரில் தொங்கும். காகிதத்தைத்தான் பழைய பேப்பர்காரருக்குக் கிலோக்கணக்கில் போடுவோம்.

ஹா பிக் சுயென் என்று ஒரு ஹாங்காங் சிற்பியைப் பற்றிச் சொன்னார். 1925இல் சீனாவில் பிறந்து ஹாங்காங்கில் குடியேறியவர், தானாகவே கற்றுக்கொண்டவர். ஊரில் எந்தக் கண்காட்சி நடந்தாலும் கேமராவோடு போய் நின்றுவிடுவாராம். பத்து இருபது வருஷமல்ல, பல பத்தாண்டுகள். படச்சுருள், பிரிண்ட், பத்திரிகை, அழைப்பிதழ் என்று அவருடைய ஸ்டூடியோ நிரம்பி வழிந்தது. அவர் இறந்தது 2009இல். பிற்பாடு அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தபோதுதான், ஹாங்காங்கின் கலை வரலாற்றில் வேறு எங்கும் பதிவாகாதது பல அதில் இருப்பது தெரிந்ததாம். மாஸ்டர் போனதும் 2009 என்றேன். டெல்லிக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு ஸ்கேனர் மூடியை இறக்கினார்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கே.ஜி. சுப்ரமணியன், 1924இல் கேரளத்தின் கூத்துபறம்பில் பிறந்த தமிழர். பூர்வீகம் பாலக்காடு. அவர் பெரும்பாலும் வேலை பார்த்தது பரோடாவிலும் சாந்திநிகேதனிலும். 2016இல் இறந்தார். அவருடைய காகிதங்களையும், பரோடா ஓவியர்கள் வேறு சிலருடைய காகிதங்களையும் அதே ஹாங்காங் காப்பகம் டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் போட்டிருக்கிறது. அன்று ராத்திரி கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். அதே காப்பகம் தெற்காசியாவில் கலை பற்றி எழுதப்பட்டவற்றுக்கு 13 மொழிகளில் ஒரு நூற்பட்டியலும் போட்டிருக்கிறது. தமிழும் மலையாளமும் அதில் இரண்டு தனித்தனி மொழி. நியாயம்தான். எங்கள் ஊரில்தான் அது அவ்வளவு சுலபமில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

ஒரு காகிதத்தை எடுக்கும்போது எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் வைக்க வேண்டும். இதுதான் முதல் பாடம். நான் என் புத்தியைக் காட்டி, கரண்டு பில்லையெல்லாம் ஒரு கட்டாகவும் அழைப்பிதழையெல்லாம் ஒரு கட்டாகவும் பிரிக்கப்போனேன். அந்தப் பெண் கையைப் பிடிக்காத குறை. "சேட்டா, வேண்டா!" கரண்டு பில்லுக்குள் அழைப்பிதழ் இருந்தால் அது அப்படியே இருக்க வேண்டுமாம். ஏன் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. பில்லின் பின்பக்கம் முழுக்க மாஸ்டர் பென்சிலால் வரைந்திருந்தார். ஒரு அழைப்பிதழ் வருகிறது, அந்தக் கண்காட்சிக்குப் போக முடியவில்லை, அன்றைக்கு அந்த பில்லின் முதுகில் ஒரு படம். எட்டுப் பத்து தடவை இப்படி. நான் பிரித்துக் கட்டியிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. பில்லின் தேதிதான் படத்தின் தேதி.

துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் நகத்தால் நெம்பாமல் எடுக்கப் பழகினேன். செலோடேப் ஒட்டியதைத் தொடக்கூடாது. அது பழுப்பேறிக் காகிதத்தோடு காகிதமாகிப் போயிருக்கும். குறிப்பு எழுதுவது பென்சிலில் மட்டும். போட்டோவுக்குக் கையுறை உண்டு, காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை. ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களைத் தட்டிவிட்டு, சாமி ரூம் பெட்டியைத் திறந்தபோது பாச்சா உருண்டை வாசம் தூக்கி அடித்தது. ஆனால் மொத்தத்தில் காகிதங்கள் நன்றாகவே இருந்தன. எர்ணாகுளம் பக்கமாக இருந்தால் இத்தனை வருஷத்தில் பூஞ்சை தின்றிருக்கும் என்றாள் அந்தப் பெண். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மற்ற கேரளத்துக்கு விழுகிற மழையில் எங்களுக்குக் கொஞ்சம்தான் விழும். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று வருஷா வருஷம் புலம்புகிற ஊர், காகிதத்துக்கு நல்லதாகப் போயிற்று.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எக்செல்லில் ஒரு வரி போட வேண்டும். யார், எப்போது, எங்கே, என்ன மொழி. இந்தக் கடைசி இரண்டு கட்டங்களில்தான் சிக்கினோம்.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் நான் சட்டென்று "கேரளம்" என்று போட்டேன். பெட்டியிலிருந்த சர்டிபிகேட்டுகள் வேறு சொல்லின. மாஸ்டர் பிறந்தது 1940. அப்போது சித்தூர், கொச்சி மகாராஜாவின் ராஜ்யம். சுற்றி இருந்த பாலக்காடு, மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா. நடுவில் சித்தூர் மட்டும் தீவு மாதிரி கொச்சிக்குச் சொந்தம். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1 அன்று கேரளம். பதினாறு வயதுக்குள் மனிதர் மூன்று ராஜ்யங்களில் வாழ்ந்துவிட்டார், குடியிருந்த வீடு ஒன்றே. 1959இல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் வெளி மாநிலத்தான். அந்தப் பெயரில் ஒரு விண்ணப்ப நகல் இருக்கிறது. "தாய்மொழி: தமிழ்" என்று எழுதி, பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

மொழிக் கட்டம் இதைவிட மோசம்.

நான்காவது பெட்டியில் டைரிகள் இருந்தன. எல்லாம் மலையாள எழுத்து. நான் அச்சு மலையாளத்தைத் தண்ணீராகப் படிப்பேன், மாஸ்டர் கையெழுத்து என்னைத் தள்ளிவிட்டது. 1971இல் மலையாள லிபியைச் சீர்திருத்தினார்கள். நான் படித்தது அந்தப் புதிய லிபி. மாஸ்டர் எழுதியது பழைய லிபி, எழுத்தின்மேல் எழுத்து ஏறிக் கொடி மாதிரிப் பின்னிக்கொண்டு போகும். அந்தப் பெண்ணுக்குப் பழைய லிபி தெரியும். அவளே எடுத்துப் படித்தாள். அரைப் பக்கம் படித்துவிட்டு வைத்துவிட்டாள். எழுத்து புரிகிறது, ஒரு வாக்கியமும் புரியவில்லை, எழுத்துப் பிழை ஏராளம் என்றாள்.

"உரக்கப் படி" என்றேன், ஏதோ ஒரு சந்தேகத்தில்.

படித்தாள். பொருள் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு ராகம் உண்டு, எல்லாச் சொல்லும் ஒரே எடையில் விழும். "இன்னெக்கி... மெழ... வரும்னு... பாத்தென். வல்லெ." எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது மாஸ்டர் குரல். கொங்குத் தமிழ், பேசுகிறபடியே, மலையாள எழுத்தில். சின்ன வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தவர், பிற்பாடு வந்த தமிழ் எழுத்து கைக்கு வேகமாக வரவில்லை போலும். தனக்காக எழுதிக்கொண்டபோது கைக்கு வந்த எழுத்தில், வாய்க்கு வந்த மொழியில் எழுதிவிட்டார். திண்ணையில் அவள் படிக்க நான் தமிழில் டைப் அடிக்க, அப்படித்தான் ஆறு நாள் ஓடியது. அவளுக்கு எழுத்து, எனக்கு அர்த்தம். இரண்டு பேரில் ஒருவருக்கு இருமல் வந்தாலும் வேலை நின்றுவிடும்.

ஒரு இடத்தில் அவள் நிறுத்தி, "இது வ்யசனம். தப்பாக எழுதியிருக்கிறார், திருத்தட்டுமா?" என்றாள். மலையாளத்தில் துக்கத்துக்கு வ்யசனம் என்பார்கள். டைரியில் இருந்தது "வெசனம்".

திருத்த வேண்டாம் என்றேன். வெசனம் எங்கள் சொல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வெசனம், கிணற்றில் தண்ணி இறங்கினால் வெசனம், பேசப் பிடிக்காமல் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறவனைப் பார்த்து "என்னடா வெசனம்?" என்போம். வேர் ஒன்றாக இருக்கலாம். துக்கம் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கூடவே இருக்கும். அவள் பென்சிலால் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டாள்.

அந்த வரி இது: "இஞ்சம்பாக்கத்துக் காயிதம் வந்துது. ரெண்டு நாளா வெசனம்." தேதி 1965.

மெட்ராஸ் கலை உலகம் தெரிந்தவர்களுக்கு இஞ்சம்பாக்கம் என்றதும் சோழமண்டலம் ஞாபகத்துக்கு வரும். மாஸ்டர் படித்த காலத்தில் அந்தப் பள்ளிக்கு முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர், 1957 முதல் 1967 வரை அவர்தான். படித்து வெளியே வருகிற பையன்களுக்கு வரைந்து பிழைக்க வழியில்லை. சேர்ந்து நிலம் வாங்கி, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் சாப்பிட்டுக்கொண்டு அவரவர் படத்தை அவரவர் வரைவது என்று ஒரு யோசனை. இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக ஏறத்தாழ 10 ஏக்கர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. இன்றைக்கு அது இந்தியக் கலை வரலாற்றில் ஒரு அத்தியாயம்.

அந்தக் காயிதமும் கிடைத்தது, மூன்றாம் பெட்டியில், ஒரு வார்னிஷ் டப்பா லேபிளோடு சேர்ந்து மடிந்து. கூடப் படித்த ஒருவர் எழுதியது. ஒரு இன்லேண்ட் லெட்டர், தமிழில், அவசரக் கையெழுத்து. நிலம் பார்த்தாயிற்று, நீயும் பங்கு போடு, கையில் இருப்பதை அனுப்பு, மீதி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மணலில் படுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மாஸ்டருக்கு அப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். பதில் எழுதினாரா என்று தெரியாது. போகவில்லை என்பது எங்கள் ஊருக்கே தெரியும், நாங்கள் எல்லாம் அவரிடம் படித்தோமே.

டெல்லிக்காரர் அந்த இன்லேண்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். போனவர்களுடைய காகிதம் நிறையக் கிடைக்கும், போகாதவர்களுடையது கிடைக்காது என்றார். எனக்கு அது அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தங்கைகளின் கல்யாணம், ஒரு மகளின் படிப்பு, எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம். 1995இல் ஓய்வு. அப்புறம் 14 வருஷம்.

பணிக்கரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், மொழிக் கட்டத்தோடு சம்பந்தம் இருக்கிறது. அவர் பிறந்ததும் கோயம்புத்தூரில்தான், 1911இல். 1963 வாக்கில் "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசையைத் தொடங்கினார். படம் முழுக்க எழுத்து. மலையாளம் போல இருக்கும், கணக்குச் சூத்திரம் போல இருக்கும், ஜாதகக் கட்டம் போல இருக்கும். படிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது, படிப்பதற்காக எழுதியதும் அல்ல. அதை ஸ்கேன் செய்தால் மொழி என்ற கட்டத்தில் என்ன போடுவீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "மொழியியல் உள்ளடக்கம் இல்லை" என்று ஒரு குறியே இருக்கிறது என்றாள்! சிரித்துவிட்டேன். மாஸ்டர் டைரிக்கும் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மொழிக்கு ஒரு சர்வதேசக் குறியீடு உண்டு, லிபிக்கு வேறொன்று உண்டு. இரண்டையும் கோத்து "மொழி தமிழ், எழுத்து மலையாளம்" என்று பதியலாம். ஆக, உலகத்தில் எங்கேயோ ஒரு கமிட்டி எங்களை மாதிரி ஆட்களுக்கும் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது.

போட்டோக்கள் அம்மாவின் துறை. ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, இது யார், எங்கே என்று கேட்போம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பார். ஒரு படத்தில் மாஸ்டரும் அம்மாவும் மலம்புழாவில் நிற்கிறார்கள். பின்னால் சாரம் கட்டி, பாதி முடிந்த நிலையில் யட்சி. கானாயி குஞ்ஞிராமன் செய்த அந்த 30 அடிச் சிமெண்ட் பெண்ணை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. உடுப்பில்லாமல் காலை அகட்டி உட்கார்ந்து, தலைமுடியில் கைவைத்து, மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை முடிந்தது 1969இல். அவரும் மெட்ராஸில் பணிக்கரிடம் படித்தவர்தான். யட்சியைச் சுற்றி அந்தக் காலத்தில் பெரிய ரகளை. எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து டூர் கூட்டிப்போனபோது மற்ற வாத்தியார்கள் "தலையைக் குனிஞ்சுட்டு வேகமா நடங்கடா" என்று ஓட்டினார்கள். மாஸ்டர் மட்டும் அஞ்சு பேரைப் பிடித்து நிறுத்தி, முதுகெலும்பு எந்த இடத்தில் திரும்புகிறது பார் என்றார். அந்த அஞ்சில் நான் ஒருவன். முதுகெலும்பை எங்கே பார்த்தேன், வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இந்தப் படம் எந்த வருஷம் என்றதற்கு அம்மா யோசிக்கவே இல்லை.

"மூத்தவ வயித்துல அஞ்சு மாசம். பாரு கண்ணு, சேலைய இழுத்து மூடியிருக்கறன்."

மகளின் பிறந்த தேதி சர்டிபிகேட்டில் 1969 ஜனவரி. அப்படியானால் படம் 1968 செப்டம்பர். டெல்லிக்காரர் சந்தோஷமாக டைப் செய்யப்போனார். அம்மா தடுத்தார். "அது பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்காக வாத்தியார் போட்ட தேதியுங்க. நெசமான தேதி வேற." எது என்றால், மழைக்காலம் என்றார். எந்த மழை என்று கேட்டதற்கு, இங்கே எப்போ பெய்யுதோ அந்த மழை. கடைசியில் எக்செல்லில் "1967–69 இடையில்" என்று போனது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அஞ்சு மாசம் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னாரே.

இன்னொரு கட்டு முழுக்கக் கொங்கன்படை ஸ்கெட்ச். சித்தூர் பகவதி கோயிலில் வருஷா வருஷம் நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களைப் பகவதியின் துணையோடு தோற்கடித்த நினைவு. குதிரை, வாள், வெடி, கூட்டம். விவரம் எழுதும்போது டெல்லிக்காரர் கேட்டார், தோற்றது யார்? "நாங்கதான்" என்றேன். சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் போய், எங்கள் ஆட்கள் தோற்பதைக் கைதட்டிப் பார்த்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். மாஸ்டர் வரைந்ததில் வெடி இருக்கிறது, குதிரை இருக்கிறது, கொங்கர்களின் முகம் மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே முகம். அந்தப் பெண்தான் கவனித்தாள். பெட்டியிலிருந்த பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவருடைய முகமேதான்.

ஒரு விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. லீவு நாட்களில் மாஸ்டர் போர்டு எழுதுவார். மாவு மில், சைக்கிள் கடை, கள்ளுக் கடை எல்லாவற்றுக்கும் தகரத்தில் எனாமல் பெயிண்ட், மேலே மலையாளம், கீழே தமிழ். ஃபிளக்ஸ் வந்ததும் எல்லாம் போயிற்று. ஒரு மாவு மில்லின் பின்சுவரில் ஒன்று தப்பிக் கிடந்தது. டெல்லிக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி ஆனார். இரண்டு லிபியையும் ஒரே தடிமனில், ஒரே சாய்வில் கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள், இதுதான் இவருடைய முக்கியமான வேலை என்றார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று போட்டோ எடுத்தார். எழுத்து அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டைரியில் ஒவ்வொரு கரண்டு பில் படத்துக்கும் இரண்டு வரியாவது எழுதியிருக்கிறவர், போர்டுக்கு "போர்டு, 15 ரூ." என்று மட்டும் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஃபீஸ் கட்ட எழுதியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளில் போகும்போது ஏணிமேல் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வெட்கப்பட்டுச் செய்ததை முன்னால் வைத்து, ஆசைப்பட்டுச் செய்ததைப் பின்னால் வைப்பது என்ன நியாயம்? கேட்டேன். இரண்டும் உள்ளே இருக்கும், எது முன்னால் என்று பிற்பாடு வருகிறவர்கள் சொல்லட்டும் என்றார். எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

பதினோரு நாளில் 1,846 ஸ்கேன். 600 டிபிஐ, டிஃப் கோப்பு. அதன் சின்ன நகல் தனியாக. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, மூன்றாவதை அம்மாவிடம் கொடுத்தார்கள். அவர் அதை மஞ்சள் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தார்.

ஒரு கட்டு மட்டும் ஸ்கேன் ஆகவில்லை. சிவப்பு ரிப்பன் கட்டிய கடிதங்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். மூன்றாம் பெட்டியின் அடியில் இருந்தது. அந்தப் பெண் ரிப்பனில் கை வைக்கும்போதே அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இது வேண்டாம் அம்முணி." அவள் ஏன் என்று கேட்கவில்லை. எக்செல்லில் ஒரு வரி போட்டாள்: "1 கட்டு, குடும்பத்தார் விருப்பப்படி பதியப்படவில்லை." அதற்கும் ஒரு வரிசை எண் கொடுத்தாள். இல்லாததற்கு எண் எதற்கு என்று நான் அப்போது கேட்கவில்லை. ரசீது விஷயத்தில் ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

போகும்போது மாம்பழப் பெட்டிகளுக்குப் பதிலாக, அமிலமில்லாத அட்டையில் செய்த ஏழு வெள்ளைப் பெட்டிகளை வரவழைத்துக் கொடுத்தார்கள். சாதாரண அட்டையில் இருக்கும் அமிலம் காகிதத்தை மெல்ல மெல்ல எரிக்குமாம். ஒவ்வொன்றின்மேலும் அந்தப் பெண் பென்சிலால், தமிழிலும் மலையாளத்திலும், எண்ணும் விவரமும் எழுதினாள். தமிழ் எழுத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு அவளே எழுதினாள். ழ மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "பெட்டி 3: கடிதங்கள்."

மூன்று மாசம் கழித்து, மாஸ்டர் திவசத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது பரணைப் பார்த்தேன். மாம்பழப் பெட்டிகள் பழைய இடத்திலேயே, மஞ்சள் மாம்பழம் கீழே பார்த்தபடி. எல்லாக் காகிதமும் அதற்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது, வரிசை மாறாமல். வெள்ளைப் பெட்டிகள் பீரோவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன.

"என்னங்கம்மா இது, அவங்க அவ்வளவு சொன்னாங்களே?"

"அது இத்தன வருசமா மாம்பழப் பொட்டியில நல்லாத்தான இருந்துது. பூச்சியும் வராது, துணியும் பழுக்காதுன்னு சொன்னாங்கல்ல, அதான் பட்டுச்சேலைய வெச்சுட்டன்."

திருச்சூர்ப் பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மேலேயிருந்த மூடியைத் திறந்தேன். அரக்குக் கலர் கல்யாணச் சேலை, மடிப்பில் வேப்பிலை. அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டு. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ழ இல்லாத பெட்டி அது. "பெட்டி 3: கடிதங்கள்" என்றுதான் எழுதியிருந்தது.